மருந்துப் படலமும் வாழையிலையும்

(கல்யாண் வட்டாரத் தமிழர்களிடையே ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, தாவர நறுமண எண்ணெய் சேர்த்த, தானே கரையக்கூடிய புண்கட்டுப் படலங்கள். இறால் ஓட்டிலிருந்தோ கடற்பாசியிலிருந்தோ எடுத்த பொருளைக் கரைத்து, அதில் கிராம்பு, ஓமம், எலுமிச்சைப்புல், லவங்கப்பட்டை ஆகியவற்றில் ஒன்றின் எண்ணெயைக் கலந்து, தட்டில் ஊற்றி உலர்த்தினால் மெல்லிய படலம் ஒன்று கிடைக்கும். அதைப் புண்ணின் மேல் வைத்தால் புண்ணை மூடிக் காக்கும், கிருமியை அடக்கும், வேலை முடிந்ததும் கரைந்துபோகும் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்க்கிறார்கள். பாலிமர் வேதியியலில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கும் இதில் நம்பிக்கை உண்டு. உலகெங்கும் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் குவிந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் நம் ஊர் அரசு மருத்துவமனை வார்டுக்குப் போனால் இந்தப் படலத்தைக் காண முடியாது. இந்த இடைவெளி ஏன் என்பதுதான் இன்று நான் பேச வந்த விஷயம். அதற்கான பதிலில் பெரும்பகுதி மும்பையில் நம் சென்ட்ரல் லைன் ரயில் பாதையிலேயே, பரேலுக்கும் சயானுக்கும் நடுவில் இருக்கிறது.

முதலில் தீக்காய வார்டில் கட்டு மாற்றும் வேளையைப் பார்த்துவிட வேண்டும். அதைப் பார்க்காமல் எந்தப் படலத்தைப் பற்றிப் பேசினாலும் பேச்சு ஆய்வுக்கூடத்தைத் தாண்டாது.

முந்தைய நாள் களிம்பு தடவிக் காஸ் துணி வைத்துக் கட்டியிருப்பார்கள். இரவுக்குள் புண்ணிலிருந்து கசிந்த நீர் துணிக்குள் ஏறி, இழைகளுக்கு நடுவே காய்ந்து இறுகிவிடும். காலையில் நர்ஸ் உப்புநீரை ஊற்றி ஊற்றி, ஓரத்திலிருந்து விரல் நுனியளவாகத் துணியை எடுப்பார். இட்லித் துணியில் தண்ணீர் தெளித்து இட்லியைப் பிரிக்கிறோமே, அதே பொறுமை வேண்டும். இங்கே பிரிபடுவது உயிருள்ள தோல். எவ்வளவு பதமாக எடுத்தாலும் புதிதாய் வளர்ந்த மெல்லிய தோல் கொஞ்சம் துணியோடு வந்துவிடும். அந்த இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ரத்தம் துளிர்க்கும். இரண்டு நாள் வளர்ச்சி ஒரு நிமிடத்தில் போயிற்று. குழந்தைகள் வார்டில், கட்டு மாற்றும் தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம் தாழ்வாரத்தில் கேட்டதுமே அழுகை தொடங்கிவிடும். தீக்காயம் பட்டவர்களைக் கேட்டால், தீப்பட்ட நொடியைவிட இந்தக் காலை வேளைகளைத்தான் அதிகம் சொல்வார்கள்.

இதில் அறிவியல் என்ன என்றால், புண்ணைக் காயவிடுவதுதான் நல்லது என்று நம் பாட்டிமார் மட்டுமல்ல, மருத்துவர்களும் நெடுங்காலம் நம்பினார்கள். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சிறு புண்கள் உண்டாக்கி, சிலவற்றைத் திறந்துவிட்டு, சிலவற்றைப் பிளாஸ்டிக் படலத்தால் மூடி வைத்துப் பார்த்தார். மூடி ஈரமாக இருந்த புண்களில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. பொருக்குக்கு அடியில் வழி தேடித் துளைத்துப் போகவேண்டிய செல்கள், ஈரமான பரப்பில் தடையில்லாமல் நகர்ந்தன. புண்கட்டுத் துறையின் இன்றைய சிந்தனை முழுவதும் அந்தச் சோதனையிலிருந்து பிறந்ததுதான்.

ஆனால் எவ்வளவு ஈரம்? நல்ல தோலில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் சுமார் 200 கிராம் நீர் ஆவியாகிறது. சதை துளிர்த்து நிற்கும் திறந்த புண்ணில் அதே பரப்பிலிருந்து 5,000 கிராமுக்கு மேல் போகிறது. புண்கட்டு இந்த இரண்டுக்கும் நடுவே, 2,000 முதல் 2,500 கிராம் வரை வெளியேற விடவேண்டும் என்பது கணக்கு. அதற்குக் குறைந்தால் புண்ணில் நீர் தேங்கும். கூடினால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமலும் இருக்கவேண்டும், நீர் கோர்க்காமலும் இருக்கவேண்டும், விலையும் ஏழைக்கு எட்டவேண்டும்.

இந்தக் கணக்குக்கு நம் நகரத்தில் கிடைத்த முதல் விடை உருளைக்கிழங்குத் தோல். பரேல் வாடியா குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் மனோகர் கேஸ்வானியும் அவருடைய குழுவினரும், வேகவைத்த உருளைக்கிழங்கின் தோலைக் கட்டுத்துணியில் வரிசையாக ஒட்டி, ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலனில் கிருமி நீக்கி, குழந்தைகளின் தீக்காயத்தில் வைத்துக் கட்டினார்கள். 1985இல் 'பர்ன்ஸ்' என்ற சர்வதேச ஆய்விதழில் முதல் அறிக்கை வந்தது. கிழங்கு மண்ணுக்குள் காய்ந்துபோகாமல் காக்கும் தக்கைப் படலம் புண்ணையும் காய்ந்துபோகாமல் காத்தது. கட்டு ஒட்டவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் செயற்கைத் தோலுக்கு வழியில்லாத ஒரு தர்ம மருத்துவமனையில், சமையலறையில் தூக்கிப் போடும் பொருளை எடுத்து, அதை ஒழுங்காகச் சோதித்து, உலகத்தின் முன் வைத்தார்கள். இந்த ஒழுங்கான சோதனைதான் கைவைத்தியத்துக்கும் மருத்துவத்துக்கும் நடுவில் உள்ள கோடு.

இரண்டாவது விடை நமக்கு இன்னும் நெருக்கமானது. தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கும் சயான் லோகமான்ய திலக் மருத்துவமனையில் டாக்டர் மாதுரி கோரே வாழையிலையை எடுத்துக்கொண்டார். 2003இல் அவரும் டாக்டர் அகோலேகரும் அதே 'பர்ன்ஸ்' இதழில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் எழுதினார்கள். ஒன்று, ஒட்டுத்தோல் எடுத்த இடத்தில் வாழையிலைக் கட்டு. மற்றொன்று, மேலோட்டமான தீக்காயத்தில் வாழையிலையையும் உருளைக்கிழங்குத் தோலையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட்டது. ஆறுவதில் இரண்டும் சமமாக இருந்தன. வலியில்லாமல் கழன்று வந்தன. தயாரிப்பதில் வாழையிலை எளிது. விலையில் 11 மடங்கு மலிவு.

செய்முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் விஷயம் இருக்கிறது. இலையைக் கழுவி, நடுநரம்பை நீக்கி, துணியில் ஒட்டி, சுருட்டி, காகிதத்தில் பொதிந்து ஆட்டோகிளேவில் வைத்து எடுக்க வேண்டும். பச்சை நிறம் போய்ப் பழுப்பேறிவிடும். ஆனாலும் இலையின் மேலிருக்கும் மெழுகுப் பூச்சால் அது புண்ணில் ஒட்டாது. சாம்பார் ஊற்றினாலும் ஒட்டாமல் வழிந்தோடுகிற இலைதானே. முதுகு முழுவதும் வெந்துபோன ஒருவருக்கு ஒரே வீச்சில் மூடும் அளவுக்கு அகலமும் உண்டு. மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளில் பந்திக்காக நாம் பேரம் பேசி வாங்கும் அதே இலை, அடுத்த ஸ்டேஷனில் உள்ள மருத்துவமனையில் தீக்காயக் கட்டாக ஆயிற்று.

சரி, இவ்வளவு நல்ல கட்டு ஏன் இந்தியா முழுவதும் பரவவில்லை? ஒவ்வொரு நாளும் யாராவது உட்கார்ந்து கழுவி ஒட்ட வேண்டும். நாள்பட வைக்க முடியாது. காய்ந்தால் மடிப்பில் கிழியும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதை விற்று லாபம் பார்க்க யாராலும் முடியாது. ஆகவே மருத்துவமனை மருத்துவமனையாக எடுத்துப்போய்ச் சொல்ல ஆளில்லை. இந்தக் குறைகளைத் தீர்க்கத்தான் ஆய்வுக்கூடத்தில் செய்யும் படலம் வேண்டும். இந்த வரிசையில் பார்த்தால்தான் என் தலைப்புக்கு அர்த்தம் வருகிறது.

படலத்துக்கு மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் நம் மக்களின் உழைப்பு அதில் நிறையவே இருக்கிறது. ஆல்ஜினேட் என்பது பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் முதல் ஏர்வாடி வரை பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் அந்த வகைதான். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறையில் கையைக் கிழித்துக்கொண்டு அவர்கள் எடுக்கும் பாசியிலிருந்து வரும் பொருள், ஊரில் எவருடைய புண்ணையோ ஆற்றுகிறது. கைட்டோசான் என்பது இறால், நண்டு ஓடுகளிலிருந்து வருவது. ஓட்டைக் காரத்தில் வேகவைத்துச் செய்கிறார்கள். ரத்தத்தை உறையவைக்கும் குணமும் கொஞ்சம் கிருமி எதிர்ப்பும் அதற்கு இயல்பிலேயே உண்டு. அமெரிக்காவில் 2002இலேயே கைட்டோசான் கட்டுக்கு அனுமதி கிடைத்து, போர்க்களக் காயங்களுக்குப் பயன்பட்டது. மூன்றாவது கொலாஜன், அதாவது தோலின் புரதம். 1948இல் தொடங்கிய சென்னை அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், பதனிடும் தொழிலுக்காகத் தோலை ஆராய்ந்த அனுபவத்திலிருந்தே தீக்காயத்துக்கான கொலாஜன் படலங்களை உருவாக்கியது. தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் என்பதை இந்த இடத்தில் நன்றியோடு சொல்ல வேண்டும். ஊர் முகம் சுளித்த தொழில் அது. அந்தத் தொழில் கையாண்ட பொருளிலிருந்துதான் இன்று உயிர் காக்கும் கட்டு வருகிறது.

செம்பூர்க்காரர்கள் இங்கே இருந்தால் டிராம்பேயைச் சொல்லாமல் விட்டதற்குக் கோபித்துக்கொள்வார்கள். அங்குள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில், பாலிவினைல் ஆல்கஹால் என்ற பாலிமரைக் கடற்பாசியிலிருந்து வரும் பொருளோடு நீரில் கரைத்து, உறையில் அடைத்துக் கதிர்வீச்சுக்கு உள்ளாக்கினார்கள். ஒரே வீச்சில் இரண்டு காரியம் நடந்தது: கரைசல் இறுகி ஜெல்லியாயிற்று, கிருமியும் அழிந்தது. இந்த ஹைட்ரோஜெல் தொழில்நுட்பம் தனியார் நிறுவனங்களுக்குக் கைமாறி, கட்டாகச் சந்தைக்கும் வந்தது. மருத்துவப் பொருள்களைக் காமா கதிரால் கிருமி நீக்கும் ஐசோமெட் நிலையம் 1974 முதல் அங்கே இயங்குகிறது. அந்த மையத்தின் அருகில் இருந்த ஜனதா காலனி 1976இல் அகற்றப்பட்டு, ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் சீத்தா கேம்ப்புக்குப் போயின. அவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்கள் வீட்டுக் குழந்தைக்கு வெந்நீர் கொட்டினால் இந்த ஹைட்ரோஜெல் கிடைக்கிறதா என்ற கேள்வியை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி எண்ணெய்க்கு வருகிறேன். நறுமண எண்ணெய் என்றால் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்றதல்ல. ஆவியில் வடித்தெடுக்கும், காற்றில் பறந்துபோகும் எண்ணெய். சித்த மருத்துவத்தில் ஆறாப் புண்ணுக்குப் போடும் மத்தன் தைலம் ஊமத்தை இலைச்சாறும் துருசும் தேங்காய் எண்ணெயில் காய்ச்சியது; அது வேறு வகை. கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால். பல் மருத்துவர் சொத்தைப் பல்லில் வைக்கும் மருந்தின் வாசனை அதுதான். ஓம எண்ணெயில் தைமால். 19ஆம் நூற்றாண்டிலிருந்தே வாய் கொப்பளிக்கும் மருந்துகளில் இருக்கிறது. எலுமிச்சைப்புல்லில் சிட்ரால். இவை கிருமியின் மேலுறையில் உள்ள கொழுப்புக்குள் நுழைந்து ஓட்டை போடுகின்றன. உள்ளிருப்பது கசிந்து கிருமி சாகிறது. ஒரே இடத்தைத் தாக்கும் ஆன்டிபயாட்டிக்கை எதிர்த்துக் கிருமி பழகிக்கொள்வது எளிது; பல பொருள்கள் கலந்த எண்ணெயை எதிர்த்துப் பழகுவது கடினம். ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாத கிருமிகள் தீக்காய வார்டுகளில் பெருகிவரும் இந்த நாளில் இது சாதாரண விஷயமல்ல. 2014இல் இத்தாலியின் ஜெனோவா நகர ஆய்வாளர்கள் ஆல்ஜினேட் படலத்தில் லவங்கப்பட்டை, எலுமிச்சைப்புல், லாவெண்டர், யூகலிப்டஸ் உள்ளிட்ட எண்ணெய்களைச் சிறைப்படுத்தி, பாக்டீரியாவையும் பூஞ்சையையும் எதிர்த்துச் சோதித்து வெளியிட்டார்கள். அதன் பின் இந்த வழியில் நடந்தவர்கள் பலர்.

படலம் வார்க்கும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் சிக்கல் புரியும். ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தில் கைட்டோசான் தூளைப் போட்டு இரவு முழுவதும் கலக்கவிட்டால் தேன் நிறத்தில் கொழகொழவென்று கரைசல் வரும். படலம் முறியாமல் வளைய கிளிசரின் சேர்க்க வேண்டும். எண்ணெய் தனியே மிதக்காமல் இருக்க ஒரு பால்மமாக்கி சேர்த்து வேகமாக அடிக்க வேண்டும். கரைசல் மோர் நிறத்துக்கு மாறும். நுரை அடங்கும்வரை காத்திருந்து தட்டில் ஊற்றி, 40 டிகிரியில் ஒரு நாள் வைக்க வேண்டும். அறை முழுவதும் காடியும் ஓமமும் கலந்த வாசனை. அந்த வாசனைதான் பிரச்சினை. மூக்குக்கு வருகிற எண்ணெய் படலத்தில் இல்லை. உலர்ந்து முடிந்தபின் ஓரத்தைக் கத்தியால் நெம்பித் தாளாக உரித்தெடுக்கும்போது, ஊற்றிய எண்ணெயில் எவ்வளவு உள்ளே நின்றது என்பதை அளந்துதான் சொல்ல முடியும். அளக்காமல், ஊற்றிய அளவையே இருப்பதாக எழுதும் கட்டுரைகள் உண்டு. அவற்றை நான் ஏற்பதில்லை.

அடுத்தது, கிருமியின் உறையில் ஓட்டை போடும் பொருள் நம் செல்லின் உறையையும் விட்டுவைக்காது. யூஜினாலோ, டீ ட்ரீ எண்ணெயோ அளவு மிஞ்சினால் புதுத்தோலை வளர்க்கவேண்டிய செல்களையே கொல்லும். கிருமி சாகவும் செல் பிழைக்கவும் இடையே உள்ள அளவு மிகக் குறுகியது. போதாததற்கு, பழைய எண்ணெய் காற்றுப்பட்டு மாறினால் சிலருக்குத் தோலில் அரிப்பும் ஒவ்வாமையும் வரும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை கிருமி நீக்கம். இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. புண்ணின் மேல் வைக்கும் எதுவும் முழுக்கக் கிருமியற்றதாக இருக்க வேண்டும். வாழையிலையை ஆட்டோகிளேவில் வைத்தால் தாங்கும். இந்தப் படலத்தை வைத்தால் எண்ணெய் ஆவியோடு போய்விடும், படலமும் கெட்டுவிடும். டிராம்பே முறையில் 25 கிலோகிரே காமா கதிர் கொடுத்தால் பாலிவினைல் ஆல்கஹால் இறுகுகிறது. கைட்டோசானும் ஆல்ஜினேட்டும் நேர்மாறாகச் சங்கிலி அறுந்து வலுவிழக்கின்றன. வாயு முறையில் செய்தால் நச்சு மிச்சம் தங்காமல் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அழகாக வளைந்து நிற்கும் படலம் மருத்துவமனை வாசலில் நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். புதிதாக ஆய்வுக்கு வரும் மாணவர்களுக்கு என் ஆலோசனை: எந்த எண்ணெய் என்று யோசிப்பதற்கு முன்னால், எப்படிக் கிருமி நீக்கப்போகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

மக்கும் பொருள் என்பதால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்றும் எழுதுகிறார்கள். மருத்துவமனையில் புண்ணிலிருந்து எடுத்த கட்டு எதுவானாலும், 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி மஞ்சள் பைக்குள் போய் எரியுலைக்குத்தான் போகிறது. மும்பையின் மருத்துவக் கழிவு எரிந்த புகையைப் பற்றி கோவண்டி மக்கள் பல ஆண்டுகள் முறையிட்டு நீதிமன்றம் வரை போனார்கள். இலையாக இருந்தாலும் பிளாஸ்டிக்காக இருந்தாலும் அந்த உலையில் எரியத்தான் போகிறது. பிளாஸ்டிக் எரியும் புகை குறைவது வரைக்கும் லாபம்தான். தானே கரையும் குணத்தால் கிடைக்கும் உண்மையான பயன் புண்ணிலேயே இருக்கிறது. எடுக்கவே வேண்டாத கட்டு என்றால் அந்தக் காலை வேளையே இல்லை. தள்ளுவண்டிச் சத்தத்துக்கு அந்தக் குழந்தை அழவேண்டியதில்லை. இந்த ஒரு பயனுக்காகவே இந்த ஆய்வு தொடர வேண்டும்.

ஆனால் எதோடு ஒப்பிடுவது? இங்குதான் எனக்கு வருத்தம். பெரும்பாலான ஆய்வுகளில் எண்ணெய் சேர்த்த படலத்தை எண்ணெய் சேர்க்காத படலத்தோடு ஒப்பிடுகிறார்கள், அல்லது எலியின் முதுகில் வெறும் காஸ் துணியோடு. வெறும் காஸை வெல்வது சாதனையே அல்ல. உருளைக்கிழங்குத் தோல் 1985இலேயே அதைச் செய்துவிட்டது. ஒழுங்கான ஒப்பீடு எப்படி இருக்கும் என்பதற்கும் மகாராஷ்டிரத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. அறுவை மருத்துவர் எம். சுப்ரமண்யம் 1996இல் தேனை உருளைக்கிழங்குத் தோலோடு ஒப்பிட்டார்; 100 நோயாளிகள், பாதிப்பேருக்குத் தேன், பாதிப்பேருக்குக் கிழங்குத்தோல். தேன் வைத்த புண்கள் சராசரியாக 10.4 நாளிலும், மற்றவை 16.2 நாளிலும் ஆறின. அவருடைய தேன் ஆய்வுகள் ஒரே குழுவிலிருந்து வந்தவை என்பதால் வேறு இடங்களிலும் இது நிற்குமா என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள், கேட்க வேண்டியதுதான். ஆனாலும் அவர் போட்டிக்கு நிறுத்தியது, அன்று ஏழைக்கு எட்டிய நல்ல கட்டை. புண்ணை மூடினால் மட்டும் போதாது, கிருமியையும் அடக்கினால் இன்னும் விரைவில் ஆறும் என்பதற்கு அது ஒரு தடயம். நறுமண எண்ணெய்க்காரர்களுக்கு இதைவிட ஊக்கமான செய்தி வேறில்லை.

மஞ்சள் விஷயத்தில் நடந்ததும் நினைவிருக்கும். மஞ்சளைப் புண்ணுக்குப் போடுவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள், நம் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகமான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து வழக்காடி, 1997இல் அது ரத்தாயிற்று. நமக்குத் தெரிந்த பழைய விஷயம் என்று நிறுவிவிட்டோம். அதே உறுதியோடு, எவ்வளவு மஞ்சள், எந்தப் புண்ணில், எத்தனை நாள் என்று வார்டில் நிறுவுகிற வேலையும் நம்முடையதுதான். ரயில் பாதை ஓரத்தில் மஞ்சள் பூவோடு நிற்கிற வெட்டுக்காயப் பூண்டுக்கும் இதே விதி. நம் முன்னோர் மருந்து என்று நாம் பெருமைப்படும் அந்தச் செடி வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்தது. எந்த ஊர்ச் செடி என்பது புண்ணுக்குத் தெரியாது.

ஆகவே என் கோரிக்கை நேரடியானது. எண்ணெய் சேர்த்த படலத்தை வாழையிலையோடு ஒப்பிடுங்கள். நான்கு விஷயங்களை அளந்தால் போதும்: கட்டு எடுக்கும்போது வலி, ஆறும் நாள், கிருமித் தொற்று, ஒரு கட்டுக்கு ஆகும் ரூபாய். 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத் துறையாகத் தொடங்கிய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம், நம் ஆட்கள் இன்றும் யூடிசிடி என்றே சொல்லும் கல்லூரி, மாட்டுங்காவில் இருக்கிறது. தீக்காயத்தில் அனுபவம் மிகுந்த மருத்துவமனை அடுத்த ஸ்டேஷனில் இருக்கிறது. கதிர்வீச்சு நிலையம் டிராம்பேயில். இவ்வளவும் ஒரே நகரத்தில் அமைந்த ஊர்கள் உலகத்தில் குறைவு. கல்யாணிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் தினமும் அங்கே படிக்கப் போகும் நம் பிள்ளைகளில் ஓரிருவராவது இதை எடுத்துச் செய்ய வேண்டும். வாழையிலையை வென்றால் அந்தப் படலத்தை நாடு முழுவதும் கொண்டுபோகலாம். வெல்லாவிட்டால் வாழையிலையையே கொண்டுபோகலாம். இரண்டில் எது நடந்தாலும் நோயாளிக்கு நல்லது.

வீட்டுக்குப் போகும்போது இரண்டு செய்திகளை எடுத்துப்போக வேண்டும்.

இந்தியாவில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் மிதமான அல்லது கடுமையான தீக்காயம் அடைகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தாராவியில் விடியற்காலை இட்லி அவிக்கும் அம்மாக்கள், முறுக்குப் பிழியும் அக்காக்கள், டோம்பிவிலி ரசாயன ஆலைகளில் வேலை செய்யும் தம்பிகள், நம் வீட்டு அடுப்படியில் ஓடும் குழந்தைகள் எல்லாரும் இந்தக் கணக்கில் வருவார்கள். சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி வேண்டாம். இட்லி மாவு, பற்பசை, இங்க், மஞ்சள் எதுவும் வேண்டாம். கடையில் குப்பியில் விற்கும் கிராம்பு எண்ணெயையோ யூகலிப்டஸ் எண்ணெயையோ புண்ணில் ஊற்றவே கூடாது. நான் இவ்வளவு நேரம் பேசிய படலத்தில் இருப்பது அளந்து சிறைப்படுத்திய துளி, குப்பியில் இருப்பது சுட்ட தோலை மேலும் சுடும். சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குப் போங்கள்.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியம். உருளைக்கிழங்குத் தோல், வாழையிலை, ஹைட்ரோஜெல், எண்ணெய்ப் படலம் எல்லாமே தோலின் அடிவேர் பிழைத்திருக்கும் காயத்துக்குத்தான். மயிர்க்கால்களில் மிஞ்சியிருக்கும் செல்களிலிருந்து புதுத்தோல் வளரும். கட்டு அதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவே. தோலின் முழு ஆழமும் வெந்துபோனவருக்கு எந்தப் படலமும் தோலை வளர்த்துக் கொடுக்காது. அவருக்கு, அவருடைய உடம்பிலிருந்தே ஒட்டுத்தோல் எடுக்கும் நிலை வரும்வரை, இன்னொரு மனிதரின் தோல்தான் மூடியாக வேண்டும். வாழையிலைக் கட்டைத் தந்த அதே டாக்டர் மாதுரி கோரேயின் முயற்சியில்தான் 2000இல் சயான் மருத்துவமனையில் தோல் வங்கி தொடங்கியது. ஐரோலி தேசியத் தீக்காய மையத்திலும் தோல் வங்கி இருக்கிறது. கல்யாணிலிருந்து அது தொலைவில்லை.

18 வயது கடந்த எவரும், இறந்து ஆறு மணி நேரத்துக்குள், தோலைத் தானமாகத் தரலாம். எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமி, தோல் புற்றுநோய் போன்றவை உள்ளவர்களிடம் எடுப்பதில்லை. ரத்தப் பிரிவு பொருந்த வேண்டியதில்லை. தொடையிலும் காலிலும் முதுகிலும் இருந்து மிக மெல்லிய மேலடுக்கை மட்டும் எடுப்பார்கள். குழு வீட்டுக்கே வரும். முக்கால் மணி நேரத்துக்குள் வேலை முடியும். கட்டுப் போட்டு உடலை ஒப்படைப்பார்கள், முகம் அப்படியே இருக்கும், ஈமச்சடங்கு எதுவும் தடைப்படாது. எடுத்த தோலைக் கிளிசராலில் பதப்படுத்திக் குளிரில் வைத்தால் ஐந்து ஆண்டு வரை பயன்படும்.

கண் தானத்துக்குத் தமிழர்கள் தயங்காமல் முன்வருகிறோம். தோல் தானத்துக்கு இன்னும் தயங்குகிறோம். முடிவு எடுப்பது அந்த ஆறு மணி நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள்தான்; அப்போது அவர்களுக்கு யோசிக்கத் தெம்பு இருக்காது. எனவே உங்கள் விருப்பத்தை இன்றிரவே வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். தோல் வங்கியின் தொலைபேசி எண்ணை எழுதி வீட்டில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.